யசுஹிகோ கொடுத்த வாள்

மட்சுயே
12 அக்டோபர் 1987

அன்புள்ள யசுஹிகோ,

நீயும் உன் மனைவி ஃபுமியும் நலம்தானே? இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன், பேச நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அறுபதாவது பிறந்த நாளுக்கு நீ அடித்துக் கொடுத்த வாளை உடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவில் எங்கள் வாள் பயிற்சிக்கூடத்தின் செயல்விளக்கம். வழக்கமாகக் காற்றில் வீசிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த முறை உன் வாள் கையில் இருந்த மிதப்பில், நனைத்த பாய்ச் சுருள்களை வெட்டிக் காட்ட ஆசைப்பட்டேன். இரண்டு சுருள்கள் வெண்ணெய் மாதிரி அறுந்தன. மூன்றாவதில் வாள் உடைந்து, முனைப் பக்கம் ஒரு சாண் துண்டு பறந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாணவி சயோகோவின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். ரத்தம் வழிய வழிய, "எனக்கு ஒண்ணுமில்ல, மாஸ்டர்" என்கிறாள் அந்தப் பெண். கூட்டத்தில் யாரோ, "அறுபது வயசுல இந்த ஆட்டம் தேவையா?" என்றார்கள்.

கோணம் பிசகியிருக்க வேண்டும். உன் ஆறு மாத உழைப்பை ஒரு நொடியில் பாழாக்கிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

தலை குனிந்து,
கெய்சோ

ஒசாஃபுனே
20 அக்டோபர் 1987

அன்புள்ள கெய்சோ,

உன் கடிதம் கிடைத்தது. வாள் போனால் போகட்டும், அதற்காக மனதை வருத்திக்கொள்ளாதே. வயதானால் மணிக்கட்டு முன்போல் இருக்காது. எனக்கும்தான் சம்மட்டி கனக்கிறது. நான் எப்போதோ உன்னை மன்னித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். உலை வேலை நெருக்குவதால் இத்துடன் முடிக்கிறேன்.

உன்,
யசுஹிகோ

மட்சுயே
18 நவம்பர் 1987

அன்புள்ள யசுஹிகோ,

உன் பெருந்தன்மைக்கு நன்றி. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. சயோகோவின் வீட்டுக்குப் போய், வாசலில் நெற்றி தரையில் பட வணங்கி மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்கள நம்பித்தானே அனுப்பினேன்?"

கூடத்துச் சுவரில் இருந்த என் பெயர்ப்பலகையை நானே கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். இப்போது வகுப்பு இல்லை. தினமும் கண்ணாடி முன் மரவாளை வீசி, எங்கே பிசகினேன் என்று தேடுகிறேன். எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. உன் கண்ணுக்குத் தெரியும். ஒருநாள் வந்து பார்த்துச் சொல்வாயா?

கெய்சோ

ஒசாஃபுனே
22 நவம்பர் 1987

கெய்சோ,

கண்ணாடி முன் நிற்காதே. உன் கையில் பிசகு இல்லை.

உனக்காக இரண்டு வாள்கள் அடித்தேன், நல்லதைத் தரலாம் என்று. ஒன்றைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியபோது கூர்ப்பக்கத்தில் குறுக்கே முடியிழை போல ஒரு விரிசல் விட்டுவிட்டது. எனக்கு அது கண்ணில் படவில்லை. வாள் தீட்டும் ஒகுமுராதான் விளக்கருகே பிடித்துக் காட்டினார். "இது செத்த வாளுங்க. உடைச்சுப் போட்டுடுங்க," என்றார். தலையாட்டினேன்.

நல்ல வாளைக் கண்காட்சிக்கு அனுப்பினேன். அதற்குத்தான் பரிசு கிடைத்தது. நீ ரயிலேறி வந்து முதல் வரிசையில் நின்று கைதட்டினாய். இன்னொரு வாள் அடிக்க நாள் இல்லை. உன் பிறந்த நாளுக்கு வெறுங்கையோடு வரவும் மனம் இல்லை. இவன் காற்றைத்தானே வெட்டப்போகிறான் என்று நினைத்து, விரிசல் விட்டதை உறை போட்டு உன்னிடம் நீட்டினேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே ஃபுமியிடம் உண்மையைச் சொன்னேன். "அவருக்கு அத எழுதிட்டீங்களா?" என்று தினமும் கேட்டாள். கடைசியில் எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
யசுஹிகோ

மட்சுயே
9 டிசம்பர் 1987

யசுஹிகோ,

இரண்டு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

உன் கடிதத்தைச் சயோகோவுக்கும் அவள் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மா கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "அன்னைக்கு உங்கள வாசல்லயே நிக்க வெச்சுட்டேனே," என்று அழுதார். சயோகோ கூடத்துக்குப் போய் என் பெயர்ப்பலகையை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை முதல் வகுப்பு நடக்கிறது.

விரிசல் விட்டதை நான் பொறுத்துக்கொள்வேன். கொடுத்ததைக்கூட என்றாவது பொறுத்துக்கொள்ளலாம். 'வயதானால் மணிக்கட்டு முன்போல் இருக்காது, உன்னை மன்னித்துவிட்டேன்' என்று எனக்கு எழுதினாயே, அதைப் படித்து நான் அழுதேன், யசுஹிகோ. உனக்கு நன்றி சொல்லி அழுதேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜனவரி பத்தாம் தேதி புத்தாண்டின் முதல் பயிற்சி. மாணவர்களும் பெற்றோர்களும் வருவார்கள். எனக்கு எழுதியதை நீ அவர்கள் முன் உன் வாயால் சொல்ல வேண்டும். சயோகோ உன்னைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள்.

முப்பது வருடமாக மட்சுயே வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாய். இந்த முறை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள விடுதியில் உன் பெயருக்கு அறை சொல்லிவைத்திருக்கிறேன். பனி அதிகம், கெட்டியான மேலங்கி எடுத்து வா.

கெய்சோ