இந்தத் தடவை வற்றல் அனுப்பவில்லை

கே.கே. நகர், மதுரை
10-4-1984

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம், வெயிலைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. பிலாயில் நீயும் ஸ்யாமளாவும் அப்படியே என்று எழுத ஆசைதான், உன் கடிதம் அப்படிச் சொல்லவில்லையே.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி வற்றல் கேட்டிருக்கிறாய். பொங்கலுக்குக் கேட்டாய், அனுப்பினேன். மாசியில் மறுபடி கேட்டாய், அனுப்பினேன். சித்திரை பிறக்கப் போகிறது, இன்னும் அதே கன்னம், அதே எரிச்சல், போதாததற்குத் தொண்டையில் முள் சிக்கினாற்போல் இருக்கிறது என்கிறாய். உடம்புச் சூடு என்று தீர்ப்பும் நீயே எழுதிவிட்டாய். சூடென்றால் மதுரை வெயிலில் கிடக்கும் எங்களுக்கல்லவா வாய் வெந்திருக்க வேண்டும்? எல்லாப் புண்ணுக்கும் பயப்படச் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தால் அண்ணம் வேகும், ஜலதோஷம் வந்தால் தொண்டை கட்டும், வகுப்பில் கத்தியே காலம் தள்ளிய எனக்கு அது தெரியாதா. உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, காரத்தையும் பேச்சையும் குறைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாததைத்தான் விடக்கூடாது.

எதிர்வீட்டு விஸ்வேஸ்வரன் மாமா வெற்றிலையை இடது கன்னத்தில் அடக்குவார், உனக்கே தெரியும். போன வருஷம் அங்கே புண் வந்ததும், சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். இடதுக்கு லீவு, வலதுக்கு ஓவர்டைமா என்று ஜானு மாமி கேட்டதற்கும் சிரித்தார். புண் ஆறவில்லை, விழுங்கினால் காது வரை வலி. மாமிதான் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். துளி சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் ஆரம்பம் என்று தெரிந்து வெட்டி எடுத்தார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், பேச்சுதான் கொஞ்சம் குழறுகிறது. மூன்று வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்டிவிட வேண்டும், முன்னாலேயே வந்திருந்தால் இம்புட்டு வெட்டியிருக்க வேண்டாமே என்றாராம் டாக்டர்.

உனக்கும் அதேதான் என்று சொல்லவில்லை. கூரான பல் உரசினாலும் புண் ஆறாது, பல்லைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. எது என்று வாயைப் பார்க்கிறவர் சொல்லட்டும். ஆபீஸ் நண்பர்களோடு புகையிலை பீடா போடுகிறாயாமே, ஸ்யாமளாதான் எழுதினாள், அவளைக் கோபிக்காதே, பீடாவை நிறுத்து. எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ மூச்சு முட்டினாலோ லீவைப் பற்றி யோசிக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. பாவம், ஒரு பிடி வற்றலாவது அனுப்பேன் என்று அப்பா கெஞ்சுகிறார். நான் மசியவில்லை. எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டால் நீ டாக்டர் வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டாய்.

திங்கட்கிழமை லீவு போட்டு ஸ்யாமளாவோடு போய்க் காட்டு. அவர் சொன்னதை ஒளிக்காமல் எழுது. ஆபரேஷன் அது இது என்றால் தந்தி அடி, உடனே ரயில் ஏறுகிறோம், பெட்டியைக் கட்டி வைத்தாகிவிட்டது. இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மீனாட்சி கூடவே இருப்பாள், டாக்டர் முன்னால் வாயைத் திறக்க வேண்டியது மட்டும் நீதான்.

அன்புள்ள அம்மா,
விஜயம்