லாச்சிக்குள் பதினேழு உறைகள்

மருதனார்மடம்
05.08.2024

அன்புத் தங்கச்சி சுபாஜினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மச்சானுக்கு இப்போது எப்படி? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். அண்ணையோடு அப்படி என்ன கோபம்?

பெரியபிள்ளையான எங்கள் ஆரணியின் சாமத்தியச் சடங்கைத் தையில் வைக்க இருந்தோம். இப்போது செப்டெம்பர் எட்டாம் திகதிக்கே மண்டபம் எடுத்துவிட்டோம். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று உன் அண்ணி சொல்கிறாள். பிள்ளைக்கு நீ ஒருத்திதான் மாமி. நீதான் வந்து தண்ணீர் வார்க்க வேண்டும். சேலையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன் அண்ணை,
தம்பிராசா


வட்டுக்கோட்டை
09.08.2024

அண்ணைக்கு,

இவரின் கண் மஞ்சளித்துவிட்டது. ஈரலில் புற்றுநோய். டொக்டர் இனி நாட்கணக்குத்தான் என்கிறார். இவர் கண்ணை மூடினால் நான் தண்ணீர் வார்க்க ஆகாதவள். அதற்குள் முடிக்கத்தானே சடங்கை முன்னுக்கு இழுத்தீர்கள்? அண்ணியின் கெட்டித்தனம் எனக்குத் தெரியாதா!

போன வருசம் தையில், உங்கள் பூச்சிமருந்துக் கடை வாசலில் வைத்து, தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற, இவர் உட்படப் பதினேழு பேரிடம் பிரசாந்தி என்ற பல்கலைக்கழகப் பிள்ளை இரத்தம் எடுத்தாள். முடிவு வரவில்லை என்றீர்கள். போன கிழமை அவள் இவரைப் பார்க்க வந்து அழுதாள்.

"அக்கா, பதினேழு உறையும் உங்கடை அண்ணையின்ரை கையிலைதான் குடுத்தனான். இவருக்கு ஈரல் நொதியம் எல்லாம் ஏறியிருந்தது. டி.என்.ஏ. இழையும் அறுந்திருந்தது. மருந்தடிக்கிறதை உடனை விடச்சொல்லி எழுதினனான்" என்றாள்.

நஞ்சை உடைக்க வேண்டிய நொதியமே சிலவேளை அதை இன்னும் பொல்லாத நஞ்சாக மாற்றிவிடுமாம். உங்களைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகும் இவர் மூன்று போகம் வெங்காயத்துக்கு அடித்தார். மருந்தை நீங்கள்தான் கலந்து கொடுத்தீர்கள்.

சுபாஜினி


மருதனார்மடம்
13.08.2024

தங்கச்சி,

கடதாசி இங்கிலீசில் இருந்தது, எனக்கு விளங்கவில்லை. வெங்காயம் நட்ட நேரம் சனத்தை ஏன் வெருட்ட வேண்டும் என்று கடை மேசை லாச்சிக்குள் போட்டேன், பிறகு மறந்துபோனேன். வேண்டுமென்று செய்வேனா? ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். பிழைதான், உன் காலில் விழுகிறேன். ஊருக்குள் மட்டும் சொல்லிவிடாதே, கடை போய்விடும். சடங்குக்கு வா.

தம்பிராசா


வட்டுக்கோட்டை
30.08.2024

அண்ணைக்கு,

இவர் இருபதாம் திகதி போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்து பந்தலின் மூலையில் நின்றீர்களாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இங்கிலீசு விளங்காத உங்களுக்கு, அதைப் படித்தால் சனம் வெருளும் என்று மட்டும் எப்படி விளங்கியது?

மிச்சப் பதினாறு பேருக்கும் பிரசாந்தி முடிவுகளைத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவை இத்தனை நாளும் யாருடைய லாச்சிக்குள் கிடந்தன என்று நான் தனித்தாளில் எழுதி ஒவ்வொரு உறையிலும் வைத்தேன். உங்களை நான் மன்னிக்க மாட்டேன். அவர்களும் மன்னிக்கக் கூடாது.

சடங்கைப் பழையபடி தைக்கு மாற்றிவிட்டீர்களாம். நல்லது. ஆரணியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு வேறு மாமி தேட வேண்டாம். நான் வருவேன். தாலி அறுத்தவள் தண்ணீர் வார்க்கலாமா என்று சபையில் யாராவது கேட்டால், அதை அறுத்தது யாரென்று சொல்லிவிட்டு வார்ப்பேன்.

சுபாஜினி