கெட்டிச் சாயா

ஜூன் 11, செவ்வாய்

லீவு முடிந்தது. மறுபடியும் ஏலூர் பஸ், மறுபடியும் லேப். கண்ணாடிக் குழலில் எஞ்சின் எண்ணெயை ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பார்க்கிற வேலை. மெதுவாக இறங்கினால் கெட்டி எண்ணெய். பாகுத்தன்மை என்று பெயர்.

வீட்டிலும் அதே வேலைதான். பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர், சாயா எதுவும் நேராக இறங்குவதில்லை. மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. பவுடர் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கலக்கிக் கொடுத்தேன். அதே கரண்டியால் அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, திங்கள்

பெருநாள். மகள் ஹிஸானா புதுத் துணி எடுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

காலையில் இவருக்குக் காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு. கொழுந்தன் ஷானவாஸ் ஆட்டோ கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நிமோனியாவாம். குடித்தது நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

கெட்டியாகத்தானே கொடுத்தேன்? ஒவ்வொரு தடவையும் கரண்டியைச் சாய்த்துப் பார்த்துத்தானே?

ஜூன் 29, சனி

வயித்துல குழாய் போடணுமாம். இனி வாய் வழியா ஒண்ணும் வேண்டாம், அதுதான் பத்திரமாம். வியாழக்கிழமைக்குள்ள வீட்டார் சொல்லணுமாம். வீட்டார்னா யாரு, நான்தானே. நான் என்னத்தைச் சொல்ல?

இவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடி, "குழாய் வேண்டா, லதீஃபா" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு என் பெயரை முழுசாகச் சொன்னது இப்போதுதான். சந்தோஷப்பட்டிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஷானவாஸை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு லாரியில் ஓடிக் கழிந்த எஞ்சின் எண்ணெய் வந்திருந்தது. புதிதாக இருந்தபோது காட்டிய கெட்டி இல்லை, சரசரவென்று இறங்கியது. சூட்டில் இளகாமல் இருக்க அதில் பாலிமர் சேர்ப்பார்கள். ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி மாதிரி அது. "சங்கிலி அறுந்துபோச்சு. அரைபட்டு அரைபட்டுத் துண்டாயிடும்" என்றார் லேப் பொறுப்பாளர் விஸ்வநாத் சார்.

தொட்டி முன்னால் அப்படியே நின்றேன். இவருடைய பவுடர் டப்பாவில் 'ஸ்டார்ச்' என்று படித்த ஞாபகம். மாவும் ஒரு சங்கிலிதான். எச்சில் பட்டால் மாவு அறுபடும் என்று ஸ்கூலிலேயே படித்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிளாஸில் சாயாவைக் கெட்டியாக்கினேன். ஒன்றில் புதுக் கரண்டி. இன்னொன்றில் நான் வாயில் வைத்து எடுத்த கரண்டி. கொஞ்ச நேரம் விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். முதல் கிளாஸ் அசையவில்லை. ஹிஸானா இரண்டாவதைக் கையில் வாங்கிச் சாய்த்தாள், சட்டென்று ஓடியது.

"உம்மா, இது வெள்ளமாயிடுச்சே."

எச்சில் கரண்டி, அதே கிளாஸ், அரைமணி நேரம். நான் கெட்டியாகக் கொடுத்தேன். அவர் தண்ணீராகக் குடித்திருக்கிறார்.

ஜூலை 3, புதன்

விழுங்கப் பயிற்சி தரும் வசந்தியிடம் டப்பாவைக் காட்டினேன். திருநெல்வேலிப் பிள்ளை. பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவள் எழுதிக் கொடுத்தது பிசின் வகையாம். அதை எச்சில் ஒன்றும் செய்யாதாம். கடையில் அது இல்லையென்று ஷானவாஸ் இதை வாங்கி வந்திருக்கிறான். அவன் தலைகுனிந்து நின்றான். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

வசந்தி டாக்டரிடம் பேசினாள். குழாயை இப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள். பிசின் பவுடரில் பார்ப்போம், மறுபடி காய்ச்சல் வந்தால் குழாய்தான் என்று.

ஜூலை 20, சனி

வீட்டுக்கு வந்த பிறகும் காய்ச்சல் இல்லை. பிசின் சாயா வழுவழுவென்று இருக்கிறதாம். துப்பினார். துடைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

இன்று ஆஸ்பத்திரியில் சோதனை. வசந்தி ஒரு கரண்டி வெறும் தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் நீர் வரும்வரை இருமினார். வராந்தாவுக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னாள்:

"அக்கா, இனி தண்ணி கெட்டியாத்தான்னு வச்சுக்குங்க. ஆனா குழாய்ப் பேச்சு இல்ல. உங்க மொய்து இக்காவுக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு."

தலையாட்டினேன். பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மத்தியானம் மழை. பஜார் மூடிக் கிடந்தது. சாயா கலக்கிக்கொண்டிருந்தேன். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அங்க... எண்ணெய வச்சு... நீ என்னதான் செய்வே?"

நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து இவருடைய அரிசி மண்டி விஷயமெல்லாம் எனக்குத் தெரியும். என் வேலையைப் பற்றி இவர் கேட்டதே இல்லை.

சொன்னேன். கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது பெட்ரோல் லேசாக மேலே போவதை, அடியில் தங்கும் கனத்த மிச்சத்திலிருந்து எங்கள் எண்ணெய் வருவதை. அதில் சேர்க்கும் பாலிமர் குளிரில் சுருண்டு கிடக்கும், சூடேறினால் விரிந்து எண்ணெயை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

நல்லாயிருக்கிற கையை மூடி, விரல்களை மெதுவாக விரித்துக் காட்டினார்.

"ஆமாங்க, அப்படித்தான்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.