தியாகத்துக்கு வாங்கிய வண்டி அல்ல

போன வாரம் ஒரு காலை கம்பம்மெட்டு முக்கில் புது ஃப்ளெக்ஸ் பலகை கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பேருந்துக்காக நின்ற நான் நிமிர்ந்து பார்த்தேன். அதில் நீ இருந்தாய், சித்தி. உன் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கான பலகை. முகம் உன்னுடையதுதான். நீ ஹெல்மெட்டைக் கழற்றியதும் நான் எடுத்த படம் அது. கன்னத்தில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே நீ இல்லை. பட்டுச் சேலை உடுத்திய யாரோ ஒருத்தியின் உடம்பில் உன் தலையை ஒட்டியிருந்தார்கள். நீ சாய்ந்து நின்ற மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. கீழே பெரிய எழுத்தில் 'தியாகச் சுடர்'.

வாசகசாலைச் செயலாளர் மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி எப்ப மாமா பட்டுச்சேல கட்டுனாங்க?"

"பேண்ட்டும் சேறுமால்ல இருந்திச்சு. பாக்க ஒரு லட்சணம் வேண்டாமாட்டி? ஃப்ளெக்ஸ் கடைக்காரன் சும்மாவே மாத்திக் குடுத்தான்."

போன வருடம் இவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் இமயமலைக்குப் போய் வந்தபோதும் இதே முக்கில் பலகை வைத்தார்கள். அதில் வண்டி அவனைவிடப் பெரிதாக இருந்தது. தியாகம் என்று யாரும் எழுதவில்லை.

கட்டப்பனை ஷோரூமுக்கு நாம் போன நாளை நினைத்துக்கொண்டேன். நான் இரண்டு வண்டிகளின் எடை, இருக்கை உயரம், தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் படித்துத் தயாராக வந்திருந்தேன். விற்பனையாளர் உன் உயரத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சிக்கு ஸ்கூட்டர் அந்த சைடு" என்றார்.

"ஸ்கூட்டர் என்னயக் கவுத்தது போதும் தம்பி. இது எப்பிடிக் கவுக்கும்னு பாக்க வந்தேன்."

நீ ஓட்டிப் பார்க்க வைத்திருந்த மெலிந்த வண்டியை வெளியே மண்ணுக்குத் தள்ளிக்கொண்டு போய், மெதுவாகப் படுக்கவைத்தாய். அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பிறகு இருக்கையில் முதுகைக் கொடுத்து, காலால் உந்தி, அதை நிமிர்த்தினாய். நெடுஞ்சாலைக்கென்றே செய்தது போன்ற அந்தப் பெரிய அழகான வண்டியையும் சாய்த்துப் பார்த்தாய். அது எழவில்லை. "காட்டுல விழுந்தா நாந்தான் தூக்கணும். இதத் தூக்க இன்னும் ரெண்டு ஆளு வேணும்" என்று மெலிந்த வண்டியையே எடுத்தாய். முன் சக்கரம் பெரிது, கல்லைக் கண்டால் முட்டாமல் ஏறும். இருக்கையும் உயரம். உனக்கு ஒரு கால்தான் தரையில் எட்டியது. நான் கவலைப்பட்டபோது, "நிக்கிறதுக்கா வாங்குறேன்?" என்றாய்.

வாரமெல்லாம் பாலியேட்டிவ் ஜீப்பில் நர்ஸாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டிவிட்டு வருவாய். ஞாயிற்றுக்கிழமை வண்டி. "ஜீப்பு நோயாளிக்கு. இது எனக்கு." எத்தனை முறை சொல்லியிருப்பாய். ஆனைக்கரை வரை தாரில் பறப்போம். தார் முடியும் இடத்தில், மண்ணில் பிடிப்பு வர, டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவாய். அதற்கு மேல் ஏலத்தோட்டத்து மண்பாதை. நீ கால்தாங்கியில் எழுந்து நின்று ஓட்ட, நான் உன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். ஒரு வளைவில் சறுக்கி இருவரும் சேற்றில் விழுந்தோம். எழுந்திருக்கச் சொன்னேன். "இரு பாப்பா, வானம் நல்லாருக்கு" என்று அப்படியே கிடந்து சிரித்தாய். அந்தச் சேற்றைத்தான் துடைத்துவிட்டார்கள்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது, வண்டியில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய் என்றார்கள். அதே வாய்கள்தான் இப்போது தியாகம் என்கின்றன.

கூட்டத்தில் நான் பேச வேண்டும். "என் சித்தி இந்த வண்டியை யாருக்காகவும் வாங்கவில்லை. பிடித்திருந்தது, வாங்கினார்" என்று எழுதியிருந்தேன். சரிபார்க்க வாங்கிய செயலாளர் மாமா அதை அடித்துவிட்டு, 'ஜீப் செல்லாத மலைகளிலும் நோயாளிகளைத் தேடிச் செல்ல' என்று மேலே எழுதினார். நியாயம் கேட்டு அம்மாவிடம் போனேன்.

"அவ பேரு நல்லபடியா இருக்கட்டுமே பாப்பா."

"இப்ப என்ன கெட்டாம்மா இருக்கு?"

அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். தடுக்கவில்லை.

மேடையில் நான் எழுதியதையே படித்தேன். விழுந்ததையும் சிரித்ததையும் சேர்த்துப் படித்தேன். முன்வரிசையில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஜீப் டிரைவர் அண்ணன் எழுந்தார்.

"புள்ள சொல்றது நெசந்தான். சனிக்கெழமையே அந்தக்காவுக்கு நாளைக்கு வண்டில எங்க போறோம்ங்கிற பேச்சுதான். படுத்த படுக்கையா கெடக்குற பெருசெல்லாம், 'போன வாரம் எங்கத்தா விழுந்த'னு கேட்டுட்டுத்தான் மருந்துக்கு வாயத் தொறக்கும்."

கூடம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அழுதுகொண்டே. ஆனாலும் நன்றியுரையில் செயலாளர் மாமா மீண்டும் உன்னைத் தியாகியாக்கினார். பலகையும் அங்கேயேதான் இருக்கிறது. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

வாசலில் மகளிர் குழுத் தலைவி என் கன்னத்தைத் தடவி, "நீயும் சித்தி மாதிரி நர்ஸாகி சேவை செய்வியா?" என்றார்.

"என்ன வேலைக்குப் போவேன்னு இன்னும் தெரியல அத்தை. ஞாயித்துக்கெழம என்ன செய்வேன்னு தெரியும்."