சந்தனம் வைத்த மோட்டார்

மீன்தொட்டி நுரைக்குழாயின் கிண்ணத்தை இன்று காலை கழுவினேன். அந்த நாற்றம் உனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நீ. கடலை விட்டு இருக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கடல் வைத்துக்கொண்டாய். லாரிக்காரர்களிடம் கெஞ்சிச் சென்னையிலிருந்து கேன்களில் கடல்நீர். அதில் பவளம், கோமாளி மீன். நம் ஷிஃப்டே உன்னை லூசு என்றது, நானும்தான். மீனுக்குப் போடும் தீனி கடைசியில் அழுக்காகத் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும், வெறுமனே வடிகட்டினால் போகாது என்பாய். அதற்குத்தான் நுரைக்குழாய். ஏர் மோட்டார் அடியிலிருந்து பொடிக் குமிழிகளை ஊதும். அழுக்கு அதில் ஒட்டி நுரையாக ஏறிக் கிண்ணத்தில் வழியும். பக்கத்துத் தொட்டியில் பாசி வளர்ப்பாய். அழுக்கைத் தின்று அது கொழுத்ததும் பிடுங்கி எறிவாய்.

"உள்ள போறது வெளிய வரணும்லே, அம்புட்டுதான்."

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. உன் ரத்தத்தைச் சுத்தம் செய்யவே ஒரு மிஷின் தேவைப்பட்டது, பெங்களூர் ஆஸ்பத்திரியில். அதன்பின் உள்ளே போவது வெளியே வரணும் என்ற பேச்சை நீ எடுக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜையன்று கம்பெனிப் பூஜை முடிந்து, பொரியும் சுண்டலுமாக நாம் இருவரும் உன் வீட்டுக்கு வந்தோம். தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்திருந்தது. ஏர் மோட்டாருக்கும். உன் மனைவி காலையிலேயே அதை நிறுத்தியிருந்தாள்.

"எல்லா மிஷினுக்கும் இன்னிக்கி லீவுங்களேண்ணா. இதுக்கு மட்டும் வேண்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. பவளங்கள் சுருங்கிச் சளி கக்கியிருந்தன. சுவிட்சைப் போட்டுவிட்டு, காற்று கலக்கட்டும் என்று சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். நீ அவளைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீயோ தரையில் உட்கார்ந்துவிட்டாய். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏலே, நாளைக்கு நான் போகணும்லா. அங்கயும் பூசை போட்டு மிஷின நிப்பாட்டி வச்சிருப்பானோ?"

எனக்கும் பயமாகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போனோம். ஆஸ்பத்திரியில் உன் மிஷினுக்குக் குங்குமம், மேலே செவ்வந்திச் சரம். நர்ஸ் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி சுவிட்சைப் போட்டாள். மிஷின் உன் தலைமாட்டில் இருந்தது, உன்னால் திரும்பிப் பார்க்க முடியாது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், "ஏலே, ஓடுதா?"

ஓடுது என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாய். ஊசியை எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. நீதான் அடுத்த மாம்பழக் காலத்தைப் பார்க்கவில்லை. தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் சொம்பைத் தேடி ஓடுகிறேன்.

இன்றும் உன் மனைவி வந்தாள். மோட்டாரை நிறுத்தாமலே சந்தனம் வைத்தாள். அதன் அதிர்வில் பொட்டு கோணலாகிவிட்டது. சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனாலும் அதன்மேல் கை வைத்துப் பார்த்தேன்.

"ஓடுதுடா" என்றேன்.