சனிக்கிழமை கடைக்கு வரமாட்டேன்

மார்ச் 1, ஞாயிறு

கணக்கெழுதிப் பழகிய கை. இன்று எங்கள் வீட்டில் கூடியிருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பெரியத்தான்: என் கணவரின் அண்ணன், ஹார்டுவேர் கடை அவர் பெயரில். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தி. என் வீட்டுக்காரர். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மகள். நான். ஆண்டவனும் இருந்தான் என்றே நம்புகிறேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் ஒன்றுதான். பகுதி நேர முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. கணினி அறிவியலும் வணிக மேலாண்மையும் சேர்ந்தது. வாரநாளில் இரண்டு சாயங்காலம், சனிக்கிழமை முழுநாள். வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு என்பதால், வேலை பார்க்கிறேன் என்று கடையிலிருந்து ஒரு சான்று வேண்டும். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

"வேலையா? நம்ம கடையை நாம பார்த்துக்கறதுக்குப் பேரு வேலையாம்மா?" என்றார் பெரியத்தான்.

"அப்ப அதுக்கு என்ன பேரு பெரியத்தான்?"

கொஞ்சம் யோசித்தார். "ஒத்தாசை."

அக்கா சிரித்தாள். "நாப்பதைத் தாண்டிட்டு பையைத் தூக்கிட்டுப் போகப் போறியா? பேசாம உன் மகளும் நீயும் ஒரே பெஞ்சுல உட்காருங்க."

"எனக்கு ஓகே பெரியம்மா, அம்மாவைப் பார்த்து எழுதிக்குவேன்" என்று உள்ளேயிருந்து குரல்.

வீட்டுக்காரர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் சொல்றதையும் யோசிக்கணும்ல" என்றார்.

கிளம்பும்போது பெரியத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொய் சர்ட்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ சாமி பக்தி உள்ளவ. நீயே இதைக் கேக்கலாமா?"

மார்ச் 2, திங்கள்

பொய்யாம்.

காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தேன். பாட்டில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. பொய், பொய் என்று அதே சொல்தான் ஓடுகிறது. மகள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த வருஷம் அந்தக் கடைக் கணக்கு என் கைக்கு வந்தது. துண்டுச் சீட்டில் இருந்த சரக்கையெல்லாம் கணினியில் ஏற்றியது யாரு? நூலகப் புத்தகமும் இலவச வீடியோவுமா வச்சுக்கிட்டு, குழம்பு கொதிக்கிற நேரத்துல புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டது யாரு? கடைப் பையன்கள் இன்னும் அதை "அண்ணி சாஃப்ட்வேர்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தெரிகிறது.

பெருமைக்காக எழுதவில்லை. அதில் ஓட்டை இருக்கிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பில் போட்டால், ஒரு பில் இன்னொன்றை விழுங்கிவிடுகிறது. கதவுக் கீல் விற்றிருக்கும், கணக்கில் விற்காமலே இருக்கும். எத்தனையோ தடவை ஒட்டுப் போட்டேன். ஏன் நடக்கிறது என்று இன்றுவரை தெரியாது. நேர்முகத் தேர்வில் பேராசிரியை அம்மா இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். "எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா இங்க வந்திருக்கமாட்டேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார்.

மன்னிக்கும் மனசைக் கொடு என்று இன்றைக்கு வேண்டிக்கொள்ளவில்லை. ஆண்டவனே, நீயே பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

மார்ச் 5, வியாழன்

இடம் கிடைத்த பல்கலைக்கழகத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த எழுத்தர் நல்ல மனுஷி.

"பழைய வேலைக்குச் சான்று இல்லாட்டிப் பரவாயில்லைங்க. இப்ப எங்கயாவது சேர்ந்திருந்தாலும் போதும். நியமனக் கடிதம் கொண்டாங்க. ஆனா முப்பத்தொண்ணாம் தேதி தாண்டினா இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"வீட்டைப் பார்த்துக்கிறேன்னு எழுதிக் கொடுத்தா?"

"அதுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லையேம்மா" என்றார், அவரே வருத்தப்பட்டதுபோல.

மார்ச் 7, சனி

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சனிக்கிழமைதான் கடையில் சரக்கு இருப்பை எண்ணிக் கணக்கு முடிக்கும் நாள். நேற்று மதியத்துக்குள் வீட்டுக்காரர் போன் சூடாகிவிட்டது. கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"நல்லா இருக்கேன் பெரியத்தான்."

"அப்ப ஏன் வரலை?"

"ஒத்தாசைதானே. முடிஞ்சப்ப செய்யறது."

"சொல்லியாவது இருக்கலாம்ல" என்றார்.

சொல்லவேண்டுமா? ஒத்தாசையை நிறுத்த யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதில்லையே. கடவுச்சொல் எது, எந்தப் பொத்தானை எதற்கு அமுக்கவேண்டும், எல்லாம் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். கடையை முடக்குவது என் எண்ணம் இல்லை. அது பாவம். ஆனால் இனி நான் அங்கே சும்மா உட்காரமாட்டேன். இதில் பாவம் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

"ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிற" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க."

மறுத்துப் பேசுவேன் என்று நினைத்திருப்பார் போல. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்காரர் தன் போனை மேசைமேல் வைத்து, என் பக்கம் தள்ளினார். கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்திருக்கிறார். பெரியத்தான் கையெழுத்தேதான், கொட்டை கொட்டையாக.

"வேலைக்கு ஆள் தேவை. கணக்கு எழுத, சரக்கு இருப்புப் பார்க்க, பில் சாஃப்ட்வேரைக் கவனிக்க, சப்ளையர்களிடம் பேச. அனுபவமும் நேர்மையும் அவசியம். தகுதிக்கேற்ற சம்பளம்."

மறுபடி மறுபடி படித்தேன். சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. என் கையில் இருந்தவரைக்கும் ஒத்தாசை. வேறு ஆளுக்குப் போகும்போது வேலை. சம்பளம்கூட முளைத்துவிட்டது!

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் பயோடேட்டாவை யாரு கதவுல ஒட்டினது?" என்றாள்.

வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியதே.

மார்ச் 18, புதன்

வேலை கேட்டு இரண்டு பேர் கடைக்கு வந்தார்களாம்; வீட்டுக்காரரும் அப்போது அங்கே இருந்திருக்கிறார். முதலாமவர் வேறு இடத்தில் சேர ஒப்புக்கொண்டுவிட்டாராம். இரண்டாவதாக வந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க சார்?" என்றிருக்கிறாள்.

"அண்ணன் தண்ணி குடிச்சாரு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்புறம்?"

"நான் சொன்னேன். சர்ட்டிபிகேட் கேட்டாங்க, நாங்க கொடுக்கலைன்னு."

"அவரு முன்னாடியா?"

"முன்னாடிதான்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணு யோசிச்சுச் சொல்றேன்னு போயிருச்சு. இனி எங்க வரப்போகுது."

இந்த மனிதர் அண்ணனுக்கு எதிரே குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இன்றும் உயர்த்தியிருக்கமாட்டார். ஆனாலும் சொல்லியிருக்கிறார். ஆறிப்போன டீயை எடுத்துப் போய்ச் சூடுபண்ணிக் கொடுத்தேன்.

மார்ச் 21, சனி

அக்கா வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"உனக்கு வீம்பு. உன் பெரியத்தானுக்கு அதைவிட வீம்பு. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். ஆள் கிடைக்கறவரைக்கும் என்னை உட்காரச் சொல்றாரு. எனக்குப் பில் பார்த்தாலே தலை சுத்துதுடி. சீக்கிரமா ஏதாவது பண்ணு."

"நான் என்னக்கா பண்ணணும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் மேல படிக்கப் போறவ!"

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் "படிக்கப் போறவ" என்று அந்த வாயிலிருந்து வந்துவிட்டதே. போதும்.

அவள் போனபிறகு பயமாகவும் இருந்தது. வகுப்பில் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்களாக இருந்தால்? கணக்கியல் வரும், கணிதம் வராவிட்டால்? தோற்றுப் போகிறேனா, போகட்டும். வகுப்பில் உட்கார்ந்து தோற்கிறேன். வீட்டு வாசலிலேயே தோற்கமாட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

யாரிடமும் கேட்கவில்லை. காலை வழிபாடு முடித்து எழுதி வைத்தேன்:

"உரிமையாளர் அவர்களுக்கு. தங்கள் கடைக் கதவில் கண்ட விளம்பரத்தின்படி அந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். படிப்பு: அஞ்சல்வழியில் வணிகவியல் பட்டம். அனுபவம்: தாங்கள் அறிந்ததே. சனிக்கிழமை எனக்கு வகுப்பு உண்டு, வர இயலாது; வாரநாளில் இரண்டு சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பவேண்டும். மற்ற வேலைநாட்களில் நேரத்துக்கு வந்துவிடுவேன். சேர்த்துக்கொள்வதானால் நியமனக் கடிதம் கடை முத்திரையுடன் வேண்டும்."

கீழே "பரிந்துரைப்பவர்" என்று எழுதி இடம் விட்டேன். மகளின் ஆசிரியையைக் கேட்கலாம் என்று ஒரு எண்ணம். சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் தாளைக் காணோம். வீட்டுக்காரரையும் காணோம்.

அவர்தான் கையெழுத்துப் போட்டு, கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். மகள் சொன்னாள்: "அப்பா பேனா எழுதுதான்னு ரெண்டு தடவை பேப்பர்ல கிறுக்கிப் பார்த்தாரும்மா."

மார்ச் 26, வியாழன்

பெரியத்தான் படித்தாராம். மடித்தாராம். திரும்பவும் பிரித்துப் படித்தாராம். இதெல்லாம் வேலையா என்று கேட்கவில்லை. பொய் என்று சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப சனிக்கிழமை கடையை யாரு பார்க்கறது?"

ஆண்டவனே, நன்றி. மீதியை நான் பேசிக்கொள்கிறேன். இப்போதுதான் அவருக்குச் செய்தி அனுப்பினேன்:

"பெரியத்தான், சனிக்கிழமை நீங்களே உட்காருங்கள். நாளை வெள்ளிக்கிழமை வந்து எல்லாம் சொல்லித் தருகிறேன். நியமனக் கடிதத்தை நான் துறையில் கொடுக்க முப்பத்தொன்றாம் தேதி கடைசி. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."