பதினோரு நாள் ஆப்சென்ட்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, உளி பிடிக்க மூன்று மாதம் ஆகுமாம். போனில் நீ கேட்டபோது வழுக்கி விழுந்தார் என்றேன், அது பொய்.

உன் தங்கை வாலுவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. உன் காலத்துத் தலைமையாசிரியர்தான் இப்போதும். ஒரு கழித்தல் கணக்குக்காக அவள் இடது காதில் அறைந்தார், செவிப்பறை கிழிந்து ரத்தம் தலையணை முழுக்க வடிந்தது. வீட்டில் கற்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, வருகைப் பதிவேடு மட்டும் வைத்துக் காட்ட வேண்டும். நானும் ஒரு நோட்டில் கோடு போட்டுத் தினமும் ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவேன், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவளும் ‘உள்ளேன் அம்மா’ என்பாள். காதுவலியில் படுத்துக்கிடந்த பதினோரு நாளுக்கும் ஆப்சென்ட் போட்டேன். உன் அம்மா புத்திதான் உனக்குத் தெரியுமே. கல்வி அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ளயே இருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்ட ஆளை இப்பத்தாம்மா பாக்குறேன்” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்று தாயே எழுதி வைத்திருக்கிறாள், பிள்ளையை அதே பள்ளியில் ஒப்படைக்க வேண்டும் என்று.

நாங்கள் ஒப்படைக்கவில்லை. புதன்கிழமை காலை அப்பாவின் அளவு டேப்பை வைத்துப் பின்னம் படித்துக்கொண்டிருந்தோம், போலீஸும் தலைமையாசிரியரும் வந்து கதவைத் தட்டினார்கள், பிறகு கடப்பாரையால் குத்தினார்கள். அப்பா தன் கையால் இழைத்த கதவு, ஏழு குத்து தாங்கியது. “ஏழு!” என்று ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூடப் பெருமையடித்தார். எட்டாவதில் நிலை பிளந்தது, மறித்துப் பிடித்த அப்பாவின் கை மேலேயே போலீஸ்காரர் கதவை உதைத்தார். தலைமையாசிரியர் உள்ளே வந்து வாலுவின் சடையைக் கையில் சுற்றி இழுத்தார், அவள் காதைத்தான் பொத்திக்கொண்டாள். கொட்டாப்புளி, அதுதான் அப்பாவின் மரச்சுத்தி, மேசையில் இருந்தது. எடுத்துத் தலைமையாசிரியரின் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவையும் போட்டேன். முதல் அடி வாலுவுக்காக, இரண்டாவது அடி எனக்குப் பிடித்திருந்ததால், அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் இரண்டு நாள். ஒரு பல் ஆடுகிறது, வேறொன்றும் இல்லை.

பதினான்காம் தேதி விசாரணை. வாலு வீட்டில் இருப்பாளா தலைமையாசிரியரின் பள்ளிக்குப் போவாளா என்று அன்று முடிவாகும். “அவர்கிட்ட அடி வாங்கினவங்க இன்னொருத்தர் வந்து சொன்னா நிக்கும்மா, பழைய மாணவங்க யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க” என்கிறார் வக்கீல். “அவனை இழுக்காதே, எங்கயோ நிம்மதியா இருக்கான்” என்கிறார் அப்பா.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் நீ சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று நின்றாய். நான் கழற்றிப் பார்த்தேன், முதுகில் அவர் பெல்ட் தடம் நான்கு. “நீ என்ன செஞ்சே?” என்று கேட்டு நானும் ஒன்று வைத்தேன். மறுநாள் தலை வாரி அதே பள்ளிக்கு அனுப்பினேன். நீ போனாய். அன்றைக்கு இல்லாத கோபம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய், கேட்கத்தான் வேண்டும். ஆகையால் வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, தேதியை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து வந்து நோட்டைத் திறந்தேன். வாலு அந்த இரண்டு நாளும் தானே பெயர் கூப்பிட்டிருக்கிறாள். தனக்கும் அப்பாவுக்கும் டிக், எனக்கு ஆப்சென்ட். கீழே உன் பெயருக்கும் ஒரு வரிசை, பதினான்காம் தேதி வரை கட்டம் போட்டிருக்கிறாள், ஒன்றிலும் எதுவும் எழுதவில்லை. ஏனென்று கேட்டதற்கு, “அண்ணன் பேரை இன்னும் கூப்பிடலையேம்மா” என்றாள்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நீண்ட ஆயுசோடு இரு. இருமலை அலட்சியம் செய்யாதே. பதினான்கு, காலை பத்தரை மணி.

உன்னை அன்றைக்கு அனுப்பியவள்,
அம்மா